கதவைத் திறந்து கொடுத்தவர்

பூட்டுக்காரருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. முகத்துக்கு நேரே ‘மாஸ்டர்’, முதுகுக்குப் பின்னால் ‘சட்டம்’. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களிடம்கூட, வீடு உங்களுடையதுதானா, ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். ஒருமுறை அவருடைய சொந்த மச்சானே வெளியில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டபோது, வாடகைப் பத்திரம் தங்கச்சி பேரில்தானே இருக்கிறது, அவள் வரட்டும் என்று படியில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி வேலையிலிருந்து லீவு போட்டு ஓடி வந்தாள். அன்று முறிந்த உறவு மறுபடி ஒட்ட ஒரு வருஷம் ஆனது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவருடைய கடை. ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும். சுவர் முழுக்க பல் வெட்டாத சாவிகள் ஆணியில் தொங்கும். இருபத்தாறு வருஷம் அந்தக் குனிந்த இடத்தில் உட்கார்ந்தே மனைவியையும் ஒரே மகளையும் காப்பாற்றினார். மகள் ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்து அரசு ஆஸ்பத்திரி வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். நன்னடத்தைச் சான்று வந்ததும் சேர வேண்டியதுதான்.

அவரைத் தேடி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். துறை என்றால் யூனிஃபார்மும் அதட்டலும் என்று நினைத்திருந்தவருக்கு, வந்த ஆளைப் பார்த்து ஆச்சரியம். ஒடிசலான உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் நிற்பவருக்குக்கூட கேட்காத குரல். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தார். அவருடைய பெயர் கடைசிவரை தெரியவில்லை. பூட்டுக்காரரும் மனைவியும் தங்களுக்குள் ‘பதவிசு’ என்று வைத்துக்கொண்டார்கள்.

பதவிசு எப்போது வந்தாலும் கையில் கோர்ட்டு முத்திரையோடு ஒரு தாள் இருக்கும். இன்ன முகவரியில், ஆள் இல்லாத நேரத்தில், சோதனை செய்ய அனுமதி. பூட்டுக்காரர் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பார். படித்து முடித்ததும் பதவிசு அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொள்வார். ரகசியமான காகிதம், உங்களிடம் இருந்தால் உங்களுக்குத்தான் வம்பு என்பார். நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பத்துக் கதவுகளைத் திறந்து கொடுத்தார் பூட்டுக்காரர். யாருடைய கதவு, உள்ளே என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி, “நாட்டைக் காப்பாத்திட்டு வந்தாச்சா? கையைக் கழுவிட்டு வாங்க” என்பாள். அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்ததை அவள் அறிவாள்.

பக்கத்துத் தெருவில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஒருவர் இருந்தார். மெஷின்காரர். அவருடைய தம்பியைத் துறை விசாரணைக்குக் கூட்டிப் போனது. மூன்றாம் நாள், மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து குதித்துவிட்டான் என்று உடம்பைக் கொடுத்தது. முடிவெட்டும் கடையில் அன்று அதே பேச்சு. விசாரணை அறை ஜன்னலில் கம்பி இல்லாமலா இருக்கும், வேலியே பயிரை மேய்ந்துவிட்டு வெள்ளாட்டின் மேல் பழி போடுகிறது என்றார் முடிவெட்டுபவர். பூட்டுக்காரர் பாதி ஷேவிங்கில் எழுந்து உட்கார்ந்து வாதாடினார். ஒருவன் தப்பு செய்தால் துறையே தப்பா? அதைக் கேட்கக் கோர்ட்டு இல்லையா, மேலிடம் இல்லையா? தப்பு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்? முகத்தில் நுரை காயும்வரை பேசினார். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார்.

மெஷின்காரர் அப்படி எண்ணவில்லை. தம்பிக்காக மனு மேல் மனு போட்டார். உடம்பை மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்றார். மூன்று வருஷம் விடாமல் நடந்தார். கடைசியில் ஒரு நீதிபதி மனுவை ஏற்று, பதில் சொல்லுங்கள் என்று துறைக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

நோட்டீஸ் போன இரண்டாவது வாரம், பகல் பதினோரு மணிக்கு, பதவிசு கடைக்கு வந்தார். தாளில் இருந்தது மெஷின்காரரின் வீட்டு முகவரி.

பூட்டுக்காரர் ஒரு கணம் தயங்கினார். தெரிந்த முகம். ஆனாலும் முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இரண்டாவது மாடி. மெஷின்காரர் பட்டறையில், அவர் மனைவி துணிக்கடை வேலையில், பிள்ளை பள்ளிக்கூடத்தில். பதவிசுடன் வந்த இருவரில் ஒருவர் தோளில் கறுப்புப் பை. கனம் தாங்காமல் அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பூட்டு நல்ல பூட்டு, தம்பி செத்தபின் போட்டது போலிருந்தது. கம்பி விட்டுத் திறந்தால் கீறல் விழும். அதனால் பூட்டுக்காரர் பல் வெட்டாத சாவியில் கரி தடவி உள்ளே விட்டுத் திருப்பினார். தடம் விழுந்த இடத்தை அரத்தால் ராவினார், மறுபடி விட்டார், மறுபடி ராவினார். நாற்பது நிமிஷம். முதல் சாவி திறந்தது, ஆனால் இறுக்கிப் பிடித்தது. அதைப் பார்த்து இன்னொன்றைச் சுத்தமாக வெட்டி பதவிசிடம் கொடுத்தார். முதல் சாவியை ராவல் தூசியோடு பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

அவர்கள் உள்ளே போனார்கள். இவர் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பிள்ளையின் செருப்பு, பிரித்துப் போட்ட ஒரு மெஷின், சுவரில் செத்துப்போன தம்பியின் படம். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம், பரணில் ஏதோ நகரும் சத்தம். இருபது நிமிஷத்தில் வெளியே வந்தபோது பை நாலாக மடிந்து அந்த ஆளின் அக்குளில் இருந்தது.

படி இறங்கும்போது பூட்டுக்காரருக்கு வாய் நிற்கவில்லை. பை காலியாக இருக்கிறதே என்று வேடிக்கை போலக் கேட்டார்.

பதவிசு சிரித்தார். “நீங்க பூட்டைப் பார்த்துக்கிட்டாப் போதும்ண்ணே. பையை நாங்க பார்த்துக்கிறோம்.”

நான்கு நாள் கழித்து, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது டிவியில் அந்தப் படிக்கட்டு தெரிந்தது. முகமூடி போட்ட ஆட்கள் இரும்புத் தூணால் கதவை இடித்தார்கள். கேமராக்காரர்களுக்கு வழிவிட்டு நின்று இன்னொரு முறை இடித்தார்கள். கதவு நிலையோடு பெயர்ந்து விழுந்தது. பரணில் வெடிமருந்து, துண்டறிக்கைகள், நான்கு செல்போன்கள் என்று வாசித்தாள் செய்தி சொல்பவள். தலையில் துணி போட்டு மெஷின்காரரை இறக்கிக்கொண்டு போனார்கள்.

பூட்டுக்காரரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “அந்தக் கதவை எதுக்கு இடிக்கிறாங்க? சாவி அவங்க கையிலதானே இருக்கு?”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். டிவியை அணைத்தாள். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், “திருடன் கையில சாவியைக் குடுத்த மாதிரின்னு சொல்லுவாங்க. நீங்க சாவியைச் செஞ்சே குடுத்திருக்கீங்க” என்றாள். பிறகு, வயதுக்கு வந்த பெண் வேலைக்குக் காத்திருக்கிறாள், இதை இந்த நாலு சுவருக்குள்ளேயே புதைத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

மூன்று வாரம் புதைத்துப் பார்த்தார். முடியவில்லை. அப்போதும் அவருக்குத் துறையின் மேல் இருந்த நம்பிக்கை முழுக்க விட்டுப்போகவில்லை. அந்தப் பைக்காரர்கள் பதவிசின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஏதோ செய்திருப்பார்கள், சொன்னால் அவரே நடவடிக்கை எடுப்பார் என்று எண்ணித் துறை அலுவலகத்துக்கே போனார். பதவிசு எழுந்து நின்று வரவேற்றார், டீ வரவழைத்தார். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். நல்ல வேளை என்னிடம் வந்தீர்கள், மேலே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போங்கள் என்றார்.

மறு வாரம் மகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. நன்னடத்தைச் சான்றில் சில ஐயங்கள் எழுந்துள்ளதால் நியமனம் நிறுத்திவைக்கப்படுகிறது.

துறைக்குள்ளேயே பொதுமக்கள் குறைகேட்கும் பிரிவு ஒன்று இருந்தது. பூட்டுக்காரர் மகளை டைப் அடிக்கச் சொல்லி ஐந்து பக்கம் புகார் அனுப்பினார். ஒரு மாதம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. தங்கள் புகார் உரிய அதிகாரியின் விசாரணைக்கு அனுப்பப்பட்டுள்ளது. உரிய அதிகாரி யார் என்பது அன்று மாலையே தெரிந்தது. பதவிசு போன் செய்தார். “உங்க லெட்டர் என் மேஜையிலதான்ண்ணே இருக்கு. பொண்ணு நல்லா டைப் அடிக்குது.”

அதற்குப் பிறகுதான் அவர் மெஷின்காரருக்காக வாதாடும் வக்கீலம்மாவைத் தேடிப் போனார். அந்த அம்மா நம்பாமல்தான் கேட்டார். அனுமதித் தாள் இருக்கிறதா? இல்லை. போட்டோ? இல்லை. கூட வந்த யாராவது? இல்லை. பிறகு எதை வைத்து நான் பேசுவது என்றார். பூட்டுக்காரர் பெட்டியைக் கவிழ்த்து, தூசிக்குள்ளிருந்து அந்த இறுகிய சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கோர்ட்டில் சாட்சி சொன்ன அந்த நாள் அவர் வாழ்க்கையிலேயே நல்ல நாளாக இருந்தது. இடிந்த கதவின் பூட்டைத் துணி சுற்றி அரக்கு வைத்துச் சாட்சிப் பொருளாக வைத்திருந்தார்கள். முத்திரையை உடைத்துக் கொடுத்தார்கள். சாவியை உள்ளே விட்டார். இறுக்கியது. அது அப்படித்தான் இறுக்கும் என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் பின்னுக்கு இழுத்துத் திருப்பினார். பூட்டின் நாக்கு உள்ளே போய் வெளியே வந்தது. கூண்டில் நின்ற மெஷின்காரர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். நீதிபதி நெடுநேரம் குனிந்து எழுதினார். அன்று பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆறாம் நாள் அவரைக் கைது செய்தார்கள்.

துறையின் வக்கீல் நீதிபதியிடம் சொன்னது சிக்கனமான வாதம். துறை எந்தப் பூட்டுக்காரரையும் எப்போதும் அமர்த்தியதில்லை. அப்படி ஒரு சோதனை நடக்கவே இல்லை. அந்த முகவரிக்கு எந்தக் கோர்ட்டும் ரகசிய அனுமதி கொடுத்ததாகப் பதிவும் இல்லை. அப்படியென்றால் வெடிமருந்து இருந்த வீட்டின் சாவி இவரிடம் எப்படி வந்தது? கோர்ட்டிலேயே, எல்லோரும் பார்க்க, இவரே திறந்து காட்டியிருக்கிறார். கூட்டாளியிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்?

வக்கீலம்மா எழுந்து கத்தினார். பூட்டுக்காரருக்கு எதுவும் காதில் விழவில்லை. பதிவு இல்லை என்ற ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தான் படித்த தாள் பொய்த்தாள்.

விசாரணை அறையில் பதவிசுதான் இருந்தார். ஜன்னலில் கம்பி இருந்தது, தடிமனான கம்பி. யாரும் அவரை அடிக்கவில்லை. நாற்காலி போட்டார்கள்.

“நான் உங்களுக்கு விரோதியாண்ணே?” என்றார் பதவிசு. “வக்கீலம்மா பூட்டைக் காட்டி சாவி செஞ்சு தரச் சொன்னாங்க, காசுக்கு ஆசைப்பட்டுச் செஞ்சேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கு நீங்க கடையில இருப்பீங்க. பொண்ணு ஆஸ்பத்திரி வேலையில இருக்கும்.”

“அது நீங்க நிக்கும்போது நான் ராவின சாவி சார்.”

“எனக்குத் தெரியாதா?”

பூட்டுக்காரர் அவரை வெறித்துப் பார்த்தார். ஒளிப்பதற்குக்கூட அந்த ஆள் சிரமப்படவில்லை. “தெரிஞ்சுமா சார்?”

“தெரிஞ்சா போதுமாண்ணே? நிரூபிக்கணும்ல?”

அவர் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்கவில்லை. பதினான்கு மாதம் உள்ளே இருந்தார்.

சிறையில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது தன் வழக்கு அல்ல. மற்ற பத்துக் கதவுகள். படுத்தால் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒன்றின் உள்ளே கிளிக்கூண்டு இருந்தது. இவர் பூட்டில் கை வைத்ததும் கிளி கத்தியது. ஒன்றின் பின்னால் ஊன்றுகோல் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒன்றில் அடுப்பில் பால் பொங்கிய கறை காயாமல் இருந்தது. அங்கெல்லாம் பை வந்ததா, வந்தால் கனமாக வந்ததா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பார்க்கவே இல்லை. முத்திரையைப் பார்த்த கண் வேறு எதையும் பார்க்கவில்லை.

ஜாமீனில் வெளியே வருவதற்குள் மெஷின்காரருக்கு ஒன்பது வருஷம் தீர்ப்பாகியிருந்தது. பூட்டுக்காரரின் சாட்சியம், தன்னையும் காத்துக்கொள்ள நினைக்கும் சக குற்றவாளியின் சாட்சியம் என்பதால் ஏற்பதற்கில்லை என்று நீதிபதி இரண்டே வரியில் ஒதுக்கியிருந்தார். பத்திரிகைகளில் கொஞ்சம் சத்தம் எழுந்ததால் அரசாங்கம் ஒரு விசாரணைக்கு உத்தரவிட்டது. விசாரித்தவர் துறையிலேயே முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குறை ஏதும் காணப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தார். தம்பி செத்த வழக்கில், மனுதாரரே தேசவிரோதக் குற்றவாளி என்பதால் மனு தள்ளுபடி ஆனது. பதவிசுக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்வி.

நகராட்சி அவருடைய கடை உரிமத்தை ரத்து செய்தது. மாடிப்படிக்கு அடியில் இப்போது ஒருவர் செல்போன் கண்ணாடி ஒட்டுகிறார். பூட்டுக்காரர் ஒரு மரச்சாமான் பட்டறையில் அலமாரிகளுக்குக் கைப்பிடி மாட்டுகிறார். பூட்டில் கை வைக்கக்கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. மகள் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் கால் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். அவள் அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மட்டும் கேட்டாள்.

“உண்மையைச் சொல்லி என்னப்பா கண்டீங்க?”

“சொல்லாம இருந்திருந்தா சோறு இறங்கியிருக்காதும்மா.”

“இப்ப இறங்குதா?”

பதிலுக்குக் காத்திராமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மெஷின்காரரின் மனைவியை ஒருமுறை வழியில் பார்த்தார். கும்பிட்டார். அவள் நின்று, கோபமில்லாத குரலில், “கோர்ட்டுல திறந்தீங்க, நன்றிங்க. அன்னைக்கு வீட்டைத் திறக்காம இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாதம் ஒருமுறை அவள் சிறைக்குப் போகும் பஸ் எது என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்த நிறுத்தத்தில் நிற்பதில்லை.

இப்போது விடுமுறை நாட்களில் அவர் அந்தப் பத்துக் கதவுகளைத் தேடிப் போகிறார். மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். மூன்று முகவரிகள் நினைவில் இல்லை, அங்கெல்லாம் திரை போட்ட வண்டியில் கூட்டிப் போனதால் வழியும் தெரியாது. மீதி ஏழு முகவரிகளை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். மேல்முறையீட்டுக்கு ஒரு துரும்பாவது கிடைக்கும் என்று வக்கீலம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கிளிக்கூண்டு வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. முன்பு இருந்தவரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம், அதற்கு மேல் தெரியாது என்றார்கள். இன்னொரு வீடு இடிந்து கார் நிறுத்துமிடம் ஆகிவிட்டது. மூன்றாவது இடத்தில் ஒரு பெண், தன் கணவரைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று எழுதி வாங்கியிருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

நான்காவது, ஊன்றுகோல் வீடு. கால் ஊனமான ஒரு மனிதர் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. பூட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, தான் யார், எந்த வருஷம், எந்த மாதம் அந்தக் கதவைத் திறந்து கொடுத்தார் என்பதைச் சொன்னார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்திருந்தார், அதற்கு முன் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“மூணு வருஷமா” என்றார் அவர். “எம் பொஞ்சாதிதான் காட்டிக் குடுத்தான்னு நெனச்சேன். என்னைத் தவிர அவகிட்டதான் சாவி இருந்துச்சு, வேற யாரு உள்ள வந்திருக்க முடியும்னு நெனச்சேன். அவளை வீட்டை விட்டு அனுப்பிட்டேன்.”

இதைக் கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்று கேட்பதற்காகத்தான் பூட்டுக்காரர் வந்திருந்தார். ஒருவழியாகக் கேட்டும் விட்டார்.

“எந்தக் கோர்ட்டுலங்க?” என்றார் அந்த மனிதர்.

கதவு மூடியது. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பூட்டுகள் விழும் சத்தம் கேட்டது. பூட்டுக்காரர் படியிறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு வந்து, தாளை எடுத்து அந்த முகவரியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடுத்த முகவரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.